கல்லைப் பற்றிப் பேச வந்தவர்

ரேணிகுண்டா ஸ்டேஷனில் டாக்டர் அருளம்பலத்தை வரவேற்க நாலு பேர் வந்திருந்தார்கள். மாலை ஒன்றுதான். அதை யார் போடுவது என்று அவர்களுக்குள் சின்னதாக ஓர் உபசாரச் சண்டை நடந்து, கடைசியில் மூத்தவரான பேராசிரியர் வெங்கடரமணன் போட்டார். சம்பங்கி மாலை. கனமாக, ஈரமாக இருந்தது. கொழும்பிலிருந்து ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று வந்து சேர்ந்திருந்தவரின் கோட்டுக் காலர் நனைந்துபோயிற்று.

அது 1960ஆம் வருஷம், பிப்ரவரி மாதம். திருப்பதியில் பல்கலைக்கழகம் தொடங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பாதிக் கட்டிடங்களில் இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. அருளம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் அரசாங்கக் கனிமத் துறையில் பாறைகளை ஆராய்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். இலங்கையின் பழம்பாறைகளுக்கும் தென்னிந்தியப் பாறைகளுக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் எழுதியதை வெங்கடரமணன் படித்துவிட்டு அழைத்திருந்தார். திருப்பதியில் இரண்டு சொற்பொழிவு, சித்தூரில் ஒன்று. நடுவில் ஊர் சுற்றிப் பார்ப்பது.

"இவர் முனிகிருஷ்ணன். எங்களிடம் ரசாயனம் சொல்லிக் கொடுக்கிறார்" என்று பேராசிரியர் ஒரு மெலிந்த இளைஞரை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தினார். "நகரிக்காரர். உங்களைப் போலவே தமிழர். அதனால் உங்களுக்குத் தனிமையே தெரியாது."

முனிகிருஷ்ணன் பெட்டியை வாங்கிக்கொண்டார். "பிரயாணம்லாம் சௌக்கியங்களா சார்?"

"ஓம். சுகமாய் வந்து சேர்ந்தன்."

முனிகிருஷ்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். ஏன் என்று அருளம்பலத்துக்கு அப்போது விளங்கவில்லை. மலையப்பனின் காலடியில் வந்து இறங்கிய மனிதர் பிரணவத்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறார் என்று அந்த இளைஞர் நினைத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் 'ஓம்' என்றால் வெறும் 'ஆமாம்' என்பது அடுத்த நாள்தான் தெளிவாயிற்று. ஜீப்பில் போகும்போது, "நீங்கள் கொஞ்சம் ஆறுதலாய்க் கதைச்சா எனக்கு விளங்கும்" என்றார் அருளம்பலம். மெதுவாகப் பேசச் சொல்கிறார் என்று புரியாமல், ஆறுதல் சொல்லும்படி இவருக்கு என்ன துக்கம், நடுவில் என்ன கதை என்று முனிகிருஷ்ணன் குழம்பினார். "ரேடியோ சிலோன்ல கேக்கற தமிழ் எனக்கு நல்லாப் புரியும் சார். இது வேற மாதிரி கீதே" என்றார் சங்கடத்தோடு. திருப்பதி வருவதற்குள் இருவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள்.

விருந்தினர் விடுதி ஊரின் ஓரத்தில் புதிதாகக் கட்டிய வீடு. ஜன்னலைத் திறந்தால் மலை. சமையல்காரர் தெலுங்கர்; பருப்பும் கோங்கூராத் துவையலும் நெய்யும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொள்வார். என்ன கேட்டாலும் ஒரு சிரிப்பு. பகலெல்லாம் ஆள் மாற்றி ஆள் வந்து, சார் சௌகரியமா, வெந்நீர் வந்ததா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஐந்தரை மணிக்கு எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். விருந்தாளியை அளவுக்கு மீறி மதிக்கிற ஊரில் விருந்தாளிக்குப் பேச்சுத்துணை கிடைப்பதில்லை. அருளம்பலம் ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு, மலை கறுத்து வானத்தோடு ஒன்றாகும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

தனியாக இருப்பது அவருக்குப் புதிதல்ல. ஏறக்குறைய இரண்டு வருஷமாக அவர் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார். மனைவி பூரணம் யாழ்ப்பாணத்தில் தன் தமையன் வீட்டில் இருக்கிறாள். ஐம்பத்தெட்டாம் ஆண்டு மே மாதம் இலங்கையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தபோது அவர் ரத்தினபுரிப் பக்கம் பாறை பார்க்கப் போயிருந்தார். கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் அவர்கள் குடியிருந்த வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். பூரணத்தை அடுத்த வீட்டுச் சிங்களப் பெண் ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள். அகதி முகாமில் கணவனைக் கண்டபோது பூரணம் நடந்ததை ஏழெட்டு வாக்கியத்தில் சொன்னாள். அதற்குமேல் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முகாமிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போனவள் திரும்பி வர மறுத்துவிட்டாள். "நான் அங்கை வரமாட்டன்" என்றாள், அவ்வளவுதான். அவருக்கு வேலை கொழும்பில். பிள்ளைகள் இல்லை. விடுமுறையில் போவார், இருவரும் காய்கறி விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள்.

கலவரம் அடங்கியபின் ஒருமுறை அவர் இரத்மலானைக்குப் போனார், அந்த அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நன்றி சொல்ல. கதவைத் தட்டினார். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது, தட்டியதும் நின்றது. ஜன்னல் திரை லேசாக அசைந்தது. கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கரிந்த தன் வீட்டைப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தார். அதைப் பூரணத்திடம் அவர் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

முதல் சொற்பொழிவுக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, திரையில் படங்களைக் காட்டினார்கள். திருமலையின் மேலே கிடக்கும் கல் ஒரு காலத்தில் தண்ணீருக்கடியில் படிந்த மணல் என்றும், அதற்கடியில் இருப்பது அதைவிடக் கோடி கோடி ஆண்டு மூத்த பாறை என்றும், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெருங்காலம் எந்தத் தடயமும் விடாமல் போய்விட்டது என்றும் அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்தான். "சார், இந்த ஏழு மலையும் ஆதிசேஷன் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

சிலர் சிரித்தார்கள். அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாம்பைப் பற்றி எனக்குத் தெரியாது. முதுகு மணலால் ஆனது என்று மட்டும் சொல்லலாம்" என்றார். மண்டபம் கைதட்டிச் சிரித்தது. பத்து நிமிஷத்தில் எல்லோரும் கலைந்துவிட்டார்கள். அவர் படத்தகடுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து நிமிர்ந்தபோது, பெருக்குகிறவர் விளக்குமாற்றோடு வாசலில் காத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர் தம் காரில் அவரை மலைக்கு அழைத்துப் போனார். முனிகிருஷ்ணன் முன்சீட்டில். பாதை வளைந்து ஏறும் ஓரிடத்தில் காரை நிறுத்தினார்கள். சாலைக்காக வெட்டிய பாறைச் சுவரில், இரண்டு காலத்துப் பாறைகளும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரிந்தது. கீழே கரடுமுரடான பழங்கல், மேலே அடுக்கடுக்காகப் புதுக்கல். அருளம்பலம் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். வெயிலில் சூடேறியிருந்தது. படத்தில் எத்தனையோ தடவை பார்த்த இடம். ஒரு குழந்தையைப்போல் சந்தோஷமாக இருந்தது அவருக்கு. இதைச் சொல்ல ஆள் வேண்டுமே என்று திரும்பிப் பார்த்தார். பேராசிரியர் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் சிலோனில் இப்போது எல்லாம் அமைதிதானே? பேப்பரில் ஏதேதோ படித்தோம்" என்றார் அவர், அன்பாகத்தான்.

"அமைதிதான்" என்றார் அருளம்பலம்.

கோயிலில் பெருங்கூட்டம். மொட்டைத் தலைகளும் கற்பூரப் புகையும் கோவிந்தா கோஷமுமாக வரிசை நெருக்கித் தள்ளியது. பேராசிரியரும் முனிகிருஷ்ணனும் முன்னால் போய்விட்டார்கள். உள்வாசல் படியில் அவருக்குக் கால் தடுக்கியது. விழப் போனவரைப் பக்கத்தில் வந்த யாரோ ஒரு கிழவி முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "பத்திரம் நாயனா" என்றாள் தெலுங்கில், மகனிடம் சொல்வதுபோல். அவள் விரல்கள் காய்த்துப்போய்ச் சொரசொரப்பாக இருந்தன. சன்னிதி வரும் வரை பிடியை விடவில்லை. பிறகு கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாள். சாமியை அவர் சரியாகப் பார்த்தாரா என்று பின்னால் அவருக்கே ஞாபகமில்லை. இறங்கி வரும்போது காரில் அந்த முழங்கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதக்கை தன்மேல் பட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தார். கை குலுக்கியதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது.

சந்திரகிரிக் கோட்டைக்கு முனிகிருஷ்ணனும் அவரும் மட்டும் பஸ்ஸில் போனார்கள். இதற்குள் இருவருக்கும் ஒரு வழி பிடிபட்டிருந்தது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து பாதித் தூரம், இவர் நகரியிலிருந்து பாதித் தூரம் வந்து, பள்ளிக்கூடப் புத்தகத் தமிழில் சந்தித்துக்கொண்டார்கள். அவசரத்தில் மட்டும் அவரவர் ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும்.

ராஜமகாலின் மேல்மாடியில் நின்றார்கள். காற்று நன்றாக வீசியது. கீழே ஆடுகள் மேய்ந்தன.

"மெட்ராஸ்ல கோட்டை கட்ட வெள்ளக்காரனுக்கு எடம் எழுதிக் குடுத்தது இந்த ஊர் ராஜாதான்னு சொல்லுவாங்க சார்" என்றார் முனிகிருஷ்ணன். "மெட்ராஸைக் குடுத்த ஊரு. இப்ப நாங்க மெட்ராஸுக்கு அந்நியம்."

"எப்பிடி?"

"எல்லை பிரிச்சிட்டாங்களே. வர்ற ஏப்ரல் ஒண்ணாந்தேதியில இருந்து திருத்தணி அந்தப் பக்கம், மெட்ராஸ் ராஜ்யம். நகரி, புத்தூர், சித்தூர்லாம் ஆந்திராவுலயே. என் மாமனார் வூடு திருத்தணி. எங்க நைனா வூடு நகரி. நடுவுல கொஞ்ச தூரந்தான். என் பொண்டாட்டி கேக்கறா, அம்மா வூட்டுக்குப் போவணும்னா இனிமே வேற ராஜ்யத்துக்கு டிக்கெட் எடுக்கணுமான்னு." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஒண்ணும் ஆவாது சார். பஸ்ஸு ஓடிக்கினுதான் இருக்கும். ஆனா காலேஜ்ல ஒரு பேச்சு வந்தா, நான் வந்ததும் நிறுத்திடறாங்க. கெட்டவங்க இல்ல. என்னை நோகடிக்கக் கூடாதுன்னு நிறுத்தறாங்க. அதுதான் கஷ்டமா கீது."

அருளம்பலத்துக்கு அது நன்றாக விளங்கிற்று. கொழும்பு அலுவலகத்திலும் அவர் தேநீர் மேசைக்கு வந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறிவிடும். அதைச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் சுவரைத் தட்டிப் பார்த்து, சுண்ணாம்புக் கலவையைப் பற்றி ஏதோ கேட்டார்.

திரும்பும்போது முனிகிருஷ்ணன் அவரைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார். மனைவி வரலட்சுமி கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் செய்து, கூடவே விருந்தாளிக்கென்று அரிசிச் சோறும் வடித்திருந்தாள். முதலில் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். அவர் களியைக் கேட்டு வாங்கியதும் வெளியே வந்துவிட்டாள். "கூச்சப்படாம துன்னுங்க சார். இந்தக் களி உங்க ஊர்ல கீதா?" என்றாள். 'துன்னுங்க' என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஊரில் மாடுதான் தின்னும். "நான் நல்லாய்த் தின்னுறன் பிள்ளை" என்றார். அன்று சாயந்திரம் விடுதிக்குத் திரும்பியபோது அறை முன்னைவிட வெறிச்சென்று இருந்தது.

முனிகிருஷ்ணனோடு சித்தூருக்குப் போகும் வழியெல்லாம் வெல்லம் காய்ச்சும் வாசனை. கரும்பு ஆலைகளில் புகை எழும்பிற்று. மாமரங்கள் பூத்திருந்தன. சித்தூரில் பேச்சு ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. ஆசிரியர்களும் வக்கீல்களும் சில வியாபாரிகளும் வந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் பேசி முடித்து இறங்கியதும் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கோவர்த்தனன் என்று பெயர், வக்கீல். "நாளைக்கு எங்க வாசகசாலையில நீங்க தமிழ்ல பேசணும். இந்த ஊர்ல தமிழ்ப் பேச்சைக் கேட்டு நாளாச்சு" என்றார்.

அருளம்பலம் திகைத்தார். முப்பது வருஷமாகப் பாறைகளோடு இருக்கிறவர், அவற்றைப் பற்றி ஒருநாளும் தாய்மொழியில் பேசியதில்லை. யாரும் கேட்டதில்லை. "கல்லைப் பற்றித்தானே?" என்றார்.

"நீங்க எது பேசினாலும் சரி சார்."

மறுநாள் காலை முழுவதும் பயணியர் விடுதி வராந்தாவில் நடந்துகொண்டே சொற்களைத் தேடினார். வண்டல் இருந்தது. படிவு இருந்தது. எரிமலைக் குழம்பு இருந்தது. பாறை உருகுவதை என்னவென்று சொல்வது, மலை மடிவதை எப்படிச் சொல்வது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். மடிவது என்ற சொல் வந்ததும் நின்றுவிட்டார். துணி மடிவதுபோல் மலை மடிகிறது, எவ்வளவு சரியான சொல். ஆங்கிலத்தில் இத்தனை வருஷம் சொன்னது இதைத்தானா என்று இருந்தது. முனிகிருஷ்ணன் காப்பியோடு வந்தபோது அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். இங்கே வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து முனிகிருஷ்ணன் பார்த்ததில்லை.

வாசகசாலை ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. படியேறும் இடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அருளம்பலம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். 'இலங்கைத் தமிழர் படும் பாடு. கொழும்பு டாக்டர் அருளம்பலம் அவர்கள் உரை.'

"எனக்குத் தெரியாது சார்" என்றார் முனிகிருஷ்ணன், முகம் கறுத்து. "வேணாம்னா திரும்பிப் போயிடலாம்."

"வந்திட்டம். ஏறுவம்" என்றார் அவர்.

நாற்பது பேர் இருப்பார்கள். அவர் நோட்டீஸைப் பார்க்காதவர்போல் கல்லைப் பற்றியே தொடங்கினார். காலையில் தேடிவைத்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. மலை மடிந்த கதையைச் சொன்னார். மேசைமேல் கிடந்த ஒரு துண்டை எடுத்து மடித்துக் காட்டினார். மரியாதைக்காகக் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் கிறீச்சிடத் தொடங்கின. முன்வரிசையில் இருந்த அப்பாவு என்ற பெரியவர், திருத்தணியைப்போல் சித்தூரையும் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று மறியலுக்குப் போய் வந்தவராம், பொறுக்க முடியாமல் சொன்னார்:

"ஐயா, கல்லு எங்கியும் ஓடிப்போவாது. அப்பால கூடக் கேட்டுக்கலாம். உங்க ஊர்ல நம்ம ஜனங்க பட்ட பாட்டைச் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

அருளம்பலம் துண்டை மெதுவாக மேசைமேல் வைத்தார். மண்டபம் சட்டென்று அமைதியாயிற்று. கல்லுக்குக் கிடைக்காத அமைதி. தமிழ்ப் பேச்சைக் கேட்க வந்த நாற்பது முகங்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லாமல் இறங்கிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் காலையிலிருந்து அந்த மொழியில் சொல் தேடித் தேடி நாக்குப் பழகிவிட்டிருந்தது போலும். அவர் பேசத் தொடங்கியபோது அது மேடைப் பேச்சாக இல்லை, வீட்டுப் பேச்சாக இருந்தது.

"நான் அப்ப வீட்டிலை இல்லை. என்ரை மனிசி, பூரணம், தனிய. எங்கட ஒழுங்கையிலை, எங்கட சந்திலை, இருந்த ஒரு பெடியன், என்ரை மனிசியிட்டைக் கணக்குப் படிச்சவன், அவன்தான் கும்பலுக்கு எங்கட வீட்டைக் கைகாட்டினவன். வீட்டைக் கொளுத்தினவை. பக்கத்து வீட்டுச் சிங்கள மனிசி, என்ரை மனிசியைக் கூட்டிக்கொண்டு போய் அரிசி மூட்டை அடுக்கிற அறையிலை பூட்டினவ. கும்பல் வந்து அவவின்ரை வாசலிலை நிண்டு கேட்டவை. அவ தன்ரை ரெண்டு பிள்ளையளையும் முன்னாலை நிப்பாட்டி வைச்சுக்கொண்டு, இஞ்சை ஒருதரும் இல்லை எண்டு சொன்னவ. வேணுமெண்டால் உள்ளுக்கு வந்து பாருங்கோ எண்டும் சொன்னவ. அவை வரேல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரெண்டும் ஒரே ஒழுங்கையிலை நடந்தது."

அவர் உட்கார்ந்துவிட்டார். முனிகிருஷ்ணன் தண்ணீர்க் கிளாஸைப் பக்கத்தில் நகர்த்தினார்.

கோவர்த்தனன் நன்றி சொல்ல எழுந்தார். நல்ல குரல் அவருக்கு. வீடு எரிந்ததைச் சொன்னார். கணக்குச் சொல்லிக் கொடுத்த அம்மாளையே காட்டிக் கொடுத்த பையனைச் சொன்னார். "இன்றைக்கு அங்கே எரிந்தது நாளைக்கு இங்கே எரியாது என்று யாரால் சொல்ல முடியும்?" என்றார். பலத்த கைதட்டல். கைதட்டல் ஓயும்போது அருளம்பலம் மறுபடி எழுந்து நின்றார்.

"மன்னிக்க வேணும். வக்கீல் ஐயா ஒராளை விட்டிட்டார். அவவின்ரை பேர் சோமாவதி. பள்ளிக்கூட ரீச்சர்."

அவ்வளவுதான் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. அப்பாவு தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். சிலர் அவர் பின்னால் போனார்கள். மீதிப்பேர் காப்பிக்காக நின்றார்கள். கோவர்த்தனன் காப்பிக் கிளாஸை அருளம்பலத்தின் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க சொன்னது நியாயம் சார். நோட்டீஸ் போட்டது தப்பு. ஆனா நாங்க தோத்தவங்க. தோத்தவனுக்குக் கோபத்தை விட்டா வேற இன்னா மிச்சம்?" அருளம்பலத்துக்கு அவர்மேல் வருத்தம் வரவில்லை. அந்த மனிதரும் தனியாகத்தான் நிற்கிறார் என்று பட்டது.

திரும்பும் பஸ் பாகாலாவைத் தாண்டியது. பிறகு முனிகிருஷ்ணன் கேட்டார்.

"திருத்தணியிலயே ஒரு ஸ்கூல்ல வேலை கீதுன்னு மாமனார் சொல்லிக்கினு இருக்காரு. எனக்கு இங்க வேலை புடிச்சிருக்கு. ஆனா வரலட்சுமி பயப்படறா. போவட்டுமா சார்?"

"எனக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்ச மாதிரிச் சொன்னால் அது பொய்."

முனிகிருஷ்ணன் தலையாட்டினார். ஏமாற்றமடைந்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து, "அந்த டீச்சரம்மாவை அப்பறம் பாத்தீங்களா?" என்றார்.

பஸ் இரைச்சலில் பேசுவது எளிதாக இருந்தது. சாத்திய கதவையும் நின்றுபோன வானொலியையும் அசைந்த திரையையும் அருளம்பலம் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னார். "ஊர் மாறினால் ஆக்களும் மாறிவிடுவினம்" என்று முடித்தார்.

"உங்க வூட்டுக்காரம்மா கிட்ட கேட்டீங்களா, ஏன் தெறக்கலன்னு? அவங்கதானே அன்னிக்கு அந்த வூட்டுக்குள்ள இருந்தாங்க."

ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டங்கள் பின்னால் ஓடின. கேட்டதில்லை என்று சொல்ல அருளம்பலத்துக்கு வெட்கமாக இருந்தது.

கடைசிச் சொற்பொழிவைத் திருப்பதியில் முடித்துக்கொண்டு, சால்வையும் லட்டுப் பொட்டலமுமாக ரயிலேறினார். முனிகிருஷ்ணன் மட்டும் ஸ்டேஷனுக்கு வந்தார். தலைமன்னாரில் கப்பலைவிட்டு இறங்கிக் கொழும்பு ரயிலில் ஏறியவர், மதவாச்சியில் பெட்டியை இறக்கி, யாழ்ப்பாணம் போகும் வண்டிக்கு மாறினார். லீவு எழுதிக் கேட்டிருக்கவில்லை. அப்படி ஒரு காரியம் அவர் தம் உத்தியோக காலத்தில் செய்ததில்லை.

பூரணம் முற்றத்தில் பாயை விரித்து, அவித்த பனங்கிழங்கைக் கிழித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள். "என்னப்பா, சொல்லாமல் கொள்ளாமல்? சுகமில்லையே?"

"சுகம்தான்."

தேநீர் குடித்துவிட்டு அவர் பாயோரத்தில் உட்கார்ந்தார். திருப்பதியைச் சொன்னார், கோயில் படியில் தடுக்கியதைச் சொன்னார், சித்தூர் மாடியில் பேசியதைச் சொன்னார். சோமாவதி என்ற பெயரைச் சொன்னபோது பூரணத்தின் கை நின்றது.

"நான் ஒருக்கா அவவைப் பாக்கப் போனனான்" என்றார். "கதவு திறக்கேல்லை. ஏன் பூரணம்?"

அவள் கிழங்கின் நாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"கும்பல் போன பிறகு அவ அறையைத் திறந்தவ" என்றாள். "என்னைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. அக்கா, உங்களைக் கும்பிடுறன், இனி இந்த ஒழுங்கைக்கு வராதையுங்கோ, ஐயாவையும் வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ, நாங்கள் இஞ்சைதானே இருக்கவேணும், பிள்ளையள் இருக்குதுகள் எண்டு சொன்னவ. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் அவவைக் குறைவாய் நினைப்பியள் எண்டு பயந்தன்."

முருங்கை மரத்தில் காகம் கத்திற்று. அருளம்பலம் பாயின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக, இவள் பயந்துவிட்டாள், அல்லது அந்த ஊரை வெறுத்துவிட்டாள், அல்லது பக்கத்தில் இல்லாத தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துவந்திருக்கிறார். மூன்றில் எதுவென்று ராத்திரி ராத்திரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்.

"கொழும்பிலை வேறை ஒழுங்கை இல்லையே?" என்றார் கடைசியாக.

"இருக்குது. அந்த ஒழுங்கையிலையும் ஒரு சோமாவதி இருப்பா. அவவுக்கும் பிள்ளையள் இருக்கும்." பூரணம் அடுத்த கிழங்கை எடுத்தாள். "இன்னொரு மனிசியை அப்பிடி வாசலிலை நிப்பாட்ட எனக்கு ஏலாது."

கத்தியை எடுத்து அவரும் ஒரு கிழங்கைக் கீறினார். அப்படிக் கீறினால் காயாது என்று வாங்கி, எப்படிக் கீறவேண்டும் என்று அவள் காட்டிக் கொடுத்தாள். இருட்டும்வரை இருவரும் அந்த வேலையைச் செய்தார்கள். நாலு நாள் இருந்துவிட்டு அவர் தனியாகத்தான் கொழும்புக்குப் போனார்.

முனிகிருஷ்ணன் திருத்தணிக்குப் போகவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்தது. பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வரலட்சுமி முதல் வாரமே அம்மா வீட்டுக்குப் போய் வந்தாள். ஒரு தீபாவளிக்கு அவர்கள் அனுப்பிய வாழ்த்து அட்டையில் இதெல்லாம் இருந்தது.

அருளம்பலம் ஓய்வு பெறும் வரை அந்த வாடகை அறையிலேயே இருந்தார். மாதாமாதம் சம்பளம் வாங்கிய வாரத்தில் யாழ்ப்பாணம் போய்வருவார். கூட வரச் சொல்லி மறுபடி அவர் பூரணத்தைக் கேட்கவில்லை. வேலை விஷயமாக அடிக்கடி கடற்கரை வழியே தெற்கே ரயிலில் போகவேண்டியிருந்தது. இரத்மலானை ஸ்டேஷனில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். பள்ளிக்கூடம் விட்ட நேரமானால் பிளாட்பாரத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஆசிரியைகள் நிற்பார்கள். அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். வண்டி நகர்ந்தபின் இறக்குவார்.